உயிரோடு பார்க்கச் சொன்னது யார்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது திருட்டுக் கதை. சாப்பாட்டு மேசையில் என் அக்கா புலம்பியதையெல்லாம், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். 'இவனுக்கு எங்கே புரியப்போகிறது' என்ற தைரியத்தில் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. கதை எழுதப் பாதி போதும். முழுதாகப் புரிந்திருந்தால் ஆய்வுக் கட்டுரை எழுதியிருப்பேன், நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள்.

ஆய்வகத்தில் அக்காவைப் பொட்டலம் என்று கூப்பிடுகிறார்கள். கேலிப் பெயர் என்றாலும் பொய்யில்லை. ஏழு வருடமாக அவள் செய்வது பொட்டலம் கட்டும் வேலைதான்.

செல்லுக்குள் ஒரு செய்தியை அனுப்ப வேண்டும். 'இந்தப் புரதத்தை இப்படிச் செய்' என்று சொல்லும் மரபணுச் சீட்டு. சீட்டை வெறுமனே விட்டால் வழியிலேயே கந்தலாகிவிடும். அதனால் பெப்டைடு என்கிற குட்டிப் புரதத் துணுக்குகளால் அதைச் சுற்றிப் பொட்டலமாக்குவார்கள். சீட்டுக்கு எதிர்மின்னூட்டம், பெப்டைடுக்கு நேர்மின்னூட்டம். பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். (இந்த இடத்தில் காதல் என்று எழுதி அடித்துவிட்டேன். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.) ஒரு தலைமுடியின் அகலத்தில் எழுநூறு பொட்டலங்களை வரிசையாக அடுக்கலாம். அடுக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

பொட்டலம் செல்லின் வாசலைத் தாண்டி உள்ளே போய், பிரிந்து, சீட்டைக் கொடுத்தால் நாளைக்கு அது மருந்தாகலாம். போகாவிட்டால் அது வெறும் பொட்டலம்.

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

(அ) 'குளிர்காலத்தின் கடைசி நாளில், ஜன்னலருகே நின்றபடி அவள் தன் இளமையை—'

நிறுத்திவிட்டேன். நான் விழுந்து விழுந்து படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் ஆட்கள் நாற்பது பக்கம் ஜன்னலருகே நிற்பார்கள். யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அக்காவின் ஆய்வகத்தில் ஜன்னல் இருந்த இடத்தை அடைத்துக் குளிர்பெட்டி வைத்திருக்கிறார்கள். இளமையை நினைக்க வேண்டுமானால் அதன் கதவைத் திறந்துகொண்டு நிற்கலாம், ஆனால் இருபது விநாடியில் அலாரம் அடிக்கும்.

(ஆ) 'நான் ஒரு பொட்டலம். என் விட்டம் நூறு நானோமீட்டர். என் துயரம்—'

அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அதுக்கு வாய் இருந்தா மொதல்ல உன்னைத்தான்டா திட்டும்."

(இ) 'செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஃபார்மலின் தீர்ந்துபோயிற்று.'

அழகே இல்லாத வாக்கியம். ஆனால் நடந்தது அதுதான்.

3

ஃபார்மலின் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

பொட்டலங்களின் மேல் சிவப்புச் சாயம் ஏற்றி, வளர்ப்புத் தட்டில் உயிரோடிருக்கும் செல்கள்மேல் விடுவாள். நான்கு மணி நேரம் காத்திருப்பாள். கழுவுவாள். பிறகு ஃபார்மலின் ஊற்றி, செல்களை இருந்த இடத்தில் இருந்தபடியே உறையவைப்பாள். மரியாதையாகச் சொன்னால் 'நிலைப்படுத்துதல்'. உள்ளபடி சொன்னால் கொலை. அசையாத செல்லைப் படம் எடுப்பது சுலபம், குழந்தையைத் தூங்கவைத்து முடி வெட்டுவதைப் போல.

படம் பிரமாதமாக வந்தது. செல்லுக்குள் எங்கு பார்த்தாலும் சிவப்பு. நடுவில் இருக்கும் உட்கருவுக்குள்ளும் சிவப்பு. அவளுடைய கைடு, அதாவது அவளை வழிநடத்தும் பேராசிரியர், அதைப் பெரிதாக அச்சடித்து ஆய்வகக் கதவில் ஒட்டினார். கட்டுரை வெளிவந்தது. ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அந்தப் படங்கள்தான்.

ஒரே ஒரு சின்ன உறுத்தல். சீட்டில் எழுதியிருந்த செய்தி 'பச்சையாக ஒளிரு' என்பது. சீட்டு போய்ச் சேர்ந்திருந்தால் மறுநாள் அந்தச் செல் தானே பச்சையாக ஒளிர வேண்டும். பச்சை வரவில்லை. வந்தாலும் நூற்றில் ஒரு செல், அதுவும் மனமில்லாமல்.

ஒரு வீட்டுக்கு நூறு விருந்தாளிகள் வந்து நிற்கும் புகைப்படம் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் ஒரு தட்டுகூட எச்சிலாகவில்லை. நீங்களும் நானும் புகைப்படத்தைச் சந்தேகிப்போம், ஏனென்றால் நாம் பாமரர்கள். அங்கே தட்டைச் சந்தேகித்தார்கள். சீட்டை மாற்றினார்கள். செல்லை மாற்றினார்கள். செல்களை வளர்க்கும் பெட்டியை மாற்றினார்கள். தண்ணீரைக்கூட மாற்றினார்கள். பதினான்கு மாதம் பச்சையைக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். சிவப்பை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபார்மலின் தீர்ந்தது. புதுப் புட்டி வர வியாழன் ஆகும். பக்கத்து ஆய்வகத்தில் கேட்கலாம்தான், ஆனால் இரண்டு பேராசிரியர்களுக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நுண்ணோக்கிக்கோ மூன்று வாரம் முன்பே பெயர் எழுதி நேரம் வாங்கியிருந்தாள். விட்டால் இன்னும் மூன்று வாரம். ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு அடுத்த மாதம்.

'சரி, இன்னைக்கு உயிரோடவே பாத்துடலாம்' என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

4

நுண்ணோக்கி இருக்கும் அறை இருட்டாக இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை எல்லோரும் இருட்டறை அக்கா என்பார்கள். பதினெட்டு வருடமாக அந்தக் கருவியைத் தவிர வேறு யாரையும் நம்பாதவர்.

"என்னடி பொட்டலம், கண்ணாடிச் சில்லு எங்க? தட்டோட வந்து நிக்கற?"

"ஃபார்மலின் காலிக்கா. உயிரோட கொண்டாந்துட்டேன்."

"உயிரோடயா! ஏழு வருஷத்துல இன்னைக்குத்தான் உனக்கு மனசு எரங்கியிருக்கு. வை, பாப்போம்."

திரையில் செல்கள் வந்தன. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சிவப்பு வளையம். உள்ளே இருட்டு. அங்கங்கே சின்னச் சின்னப் பைகளுக்குள் சில சிவப்புப் புள்ளிகள் மாட்டிக்கொண்டு கிடந்தன. உட்கருவில் ஒன்றுமே இல்லை.

"எல்லாம் வாசல்லயே நிக்குதே," என்றார் இருட்டறை அக்கா.

"ஃபோகஸ் சரியில்ல போலக்கா."

"என் மிஷினைச் சொல்லாத. உள்ள இருந்தா உள்ள தெரியும். வெளிய இருந்தா வெளிய தெரியும். அதுக்கு வேற எதுவும் தெரியாது, பாவம்."

பொட்டலம் சற்று நேரம் திரையையே பார்த்தாள். பிறகு எழுந்து போய், ஆறு வருடப் பகையைத் தாண்டி, பக்கத்து ஆய்வகத்தில் ஒரு சின்னக் குழாய் ஃபார்மலின் வாங்கிவந்தாள். (கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். பகை பேராசிரியர்களோடு நின்றுவிட்டிருந்தது.)

"இங்க ஊத்தப் போறியா? மிஷின்மேல ஒரு சொட்டு சிந்துச்சு, உன்னைத் தொலைச்சிடுவேன்."

"சிந்த மாட்டேங்கா. நீங்க திரையை மட்டும் பாருங்க."

ஊற்றினாள். முதல் சில நிமிடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வளையங்கள் கலங்கின. வாசலில் நின்ற சிவப்பெல்லாம் மெதுவாக உள்ளே கசிந்தது, பரவியது, உட்கருவுக்குள் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தது. திறந்த வீட்டில் நாய் நுழைந்த மாதிரி. இருபதாவது நிமிடம் கதவில் ஒட்டியிருந்த அதே படம், இம்மி பிசகாமல், அவர்கள் கண்ணெதிரே தயாராகிவிட்டது.

செல் செத்த பிறகுதான் பொட்டலம் உள்ளே போகிறது. செத்த வீட்டுக்கு யார்தான் போக முடியாது?

"அடிப் பாவி," என்றார் இருட்டறை அக்கா. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

இந்தத் துறைக்கு இது புதுப் பள்ளமில்லை. முன்பே பலர் விழுந்து, எழுந்து, 'இங்கே பள்ளம் இருக்கிறது' என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டுரையை அக்காவே தன் ஆய்வேட்டின் பதினோராம் பக்கத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறாள். "அதைப் படிச்சியா?" என்று கேட்டேன். "அந்த உப்பை இப்படி நகர்த்து" என்றாள்.

5

இப்போது பேராசிரியர். இவரை வில்லனாக்கிவிட வேண்டும் என்று மூன்று பத்திகள் எழுதினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குரூரமாகச் சிரிக்கவெல்லாம் வைத்தேன். அக்கா படித்துவிட்டு, "அவர் கண்ணாடியே போட மாட்டார்டா" என்றாள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில், அவள் வர முடியாத நாட்களிலெல்லாம் அவளுடைய செல்களுக்குத் தானே சோறு வைத்தவராம். (செல்களுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊட்டக் கரைசல் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பட்டினியில் போய்விடும்.) இப்படிப்பட்டவரை வில்லனாக்குவது கஷ்டம். நல்லவர்களை வைத்துக்கொண்டு கதை எழுதுவது பெரிய இம்சை.

புதன்கிழமை காலை, அவருடைய அறையில்:

"உயிரோட பாக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார். ஃபார்மலின் தீந்துபோச்சு."

"ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

"நேரம் வாங்கினது வீணாயிடும்னு..."

"இப்ப எது வீணாச்சுன்னு தெரியுதா?"

அவள் உயிருள்ள செல்லின் படத்தையும் செத்த செல்லின் படத்தையும் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. புரிந்த முகத்தை மறைக்க அவருக்குக் கண்ணாடியும் இல்லை.

"பாரும்மா. மூணாவது அத்தியாயத்தை எடுத்துட்டா உன் தீசிஸ்ல என்ன மிஞ்சும்? முன்னுரை. பொட்டலம் கட்டற விதம். நன்றியுரை."

"நன்றியுரையையும் கொஞ்சம் மாத்த வேண்டியிருக்கும் சார்."

அவர் சிரித்துவிட்டார். அதுதான் அவரிடம் உள்ள குறை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த மாசம் வைவா. அதை முடி. பட்டம் கைக்கு வரட்டும். அப்புறம் நிதானமா ஒரு திருத்தம் எழுதிப் போட்டுக்கலாம்."

'அப்புறம்' என்பது ஆய்வகங்களில் எல்லா இடத்திலும் இருக்கும் ஓர் அலமாரி. உள்ளே வைத்தது எதுவும் வெளியே வந்ததாகச் சரித்திரமில்லை.

வீட்டில் அம்மாவின் தீர்ப்பு இன்னும் சுருக்கம். "மொதல்ல முடிச்சுட்டு வாடி. உண்மை எங்க ஓடிடப் போகுது? பட்டம்தான் ஓடும்."

யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. நான் இரண்டு நாள் முயன்றேன்.

6

கதை இங்கேயே முடிந்திருக்கும். ஒரு திருத்தம் தள்ளிப்போவதால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படித்தான் நானும் நினைத்தேன். ஆனால் இன்னொருத்தி இருக்கிறாள்.

வேறோர் ஊரில், வேறோர் ஆய்வகத்தில், அக்காவின் கட்டுரையைப் படித்துவிட்டு அதே பொட்டலத்தைக் கட்டிப் பார்க்கும் ஒரு பெண். கண்ணில் வரும் ஒரு பரம்பரை நோய்க்கு அதைப் பயன்படுத்தலாமா என்று பார்க்கிறவள். அக்காவைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். நேரில் பார்த்ததில்லை. எட்டு மாதத்தில் மூன்று கடிதங்கள் எழுதியிருந்தாள்.

முதலாவது: 'பச்சை வரவில்லை. எத்தனை முறை கழுவுகிறீர்கள்?' அக்காவின் பதில்: மூன்று முறை, மென்மையாக.

இரண்டாவது: 'மென்மையாகத்தான் கழுவுகிறேன். சிவப்பு உங்கள் படத்தில் உள்ளதைப் போலவே வருகிறது. பச்சைதான் இல்லை.' அக்காவின் பதில்: செல்கள் நெருக்கமாக வளர்ந்துவிட்டனவா பாருங்கள்.

மூன்றாவது: 'எல்லாம் பார்த்துவிட்டேன். என் கைதான் ராசியில்லை போலிருக்கிறது.' அக்காவின் பதில்: பழகப் பழகச் சரியாகிவிடும்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இங்கே மேடைதான் கோணல். பாவம், ஆடுகிறவள் தன் காலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை, புதிய ஃபார்மலின் புட்டி வந்த அதே நாளில், நான்காவது கடிதம் வந்தது: 'என் கைடு இந்த வேலையை என்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறார். அதற்கு முன் ஒரே ஒரு தடவை உங்கள் ஆய்வகத்துக்கு வரட்டுமா? நீங்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், நான் எங்கே தப்புச் செய்கிறேன் என்று தெரிந்துவிடும்.'

அக்கா அதை என்னிடம் படித்துக் காட்டவில்லை. மேசைமேல் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். நான் படிப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

7

முடிவுகள்.

முதல் முடிவு: 'வாருங்கள்' என்று பதில் போடுகிறாள். அந்தப் பெண் வருகிறாள். அக்கா ஃபார்மலின் ஊற்றி அழகான சிவப்பைக் காட்டுகிறாள். அவள் தன் கையைத் திட்டிக்கொண்டே ஊர் திரும்புகிறாள். அக்காவுக்குப் பட்டம், அம்மாவுக்கு நிம்மதி. நடப்பு உலகில் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம், அதனால் கதையில் வைக்கக் கூசுகிறது.

இரண்டாம் முடிவு: ராஜினாமாக் கடிதத்தைப் பேராசிரியர் மேசையில் வீசிவிட்டு, கொட்டும் மழையில், குடையில்லாமல்—

"ராஜினாமா பண்ண நான் வேலையிலயா இருக்கேன்? மாணவிடா நான். குடை எதுக்கு இல்ல? பையிலதானே இருக்கும்."

மூன்றாம் முடிவு: விரக்தியோடு கடைசியாக ஒருமுறை உயிருள்ள செல்களைப் பார்க்கிறாள். திரையெங்கும் பச்சை. ஒவ்வொன்றாக, நூற்றுக்கணக்கில். பொட்டலம் உள்ளே போய்விட்டது! அவள் கண்ணிலும்—

இதைப் படித்ததும் அக்கா கேலி செய்யவில்லை. தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"இது மட்டும் வேணாம்."

"ஏன்க்கா? கதைதானே?"

"பதினாலு மாசம் நானும் இதையேதான்டா எழுதிட்டிருந்தேன். நாளைக்குப் பச்சை வந்துடும், நாளைக்கு வந்துடும்னு. நல்ல முடிவு வேணும்னு உக்காந்திருந்ததாலதான் எதிர்ல இருந்ததைப் பாக்கல."

எனக்குச் சுருக்கென்றது. (இந்த வாக்கியத்தை மூன்று முறை நீட்டி எழுதினேன். நீட்ட நீட்டப் பொய்யாயிற்று. சுருக்கென்றது, அவ்வளவுதான்.)

8

வெள்ளிக்கிழமை காலை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அக்கா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து அந்த இரண்டு படங்களையும் வைத்துக்கொண்டாள். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள். நான் குழாயை மூடினேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த வெளியூர்ப் பெண்ணின் எண்ணை அழுத்தினாள்.

"அக்கா, வணக்கம். கடிதத்துல பேசிப்போமே, நான்தான்."

"ஐயோ, நீங்களா! சொல்லுங்கம்மா. நான் வர்றது கஷ்டம்னா பரவாயில்ல, நான் சும்மாதான்..."

"அதில்லக்கா. உங்க கைல ஒரு தப்பும் இல்ல. எங்க படம் தப்பு."

மறுமுனையில் எங்கோ ஒரு கருவி பீப் என்று கத்தி ஓய்ந்தது. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஃபார்மலின், வளையம், இருபது நிமிடம். பாடம் ஒப்பிக்கிறவளைப் போல வேகமாக.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றது அந்தக் குரல்.

"செவ்வாக்கிழமை."

"அதுக்கு முன்னாடி?"

அக்கா மேசையில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டினாள்.

"அதுக்கு முன்னாடி... தெரிஞ்சுக்காம இருந்தேன்க்கா."

பிறகு மறுமுனையில் அந்தப் பெண் சிரித்தாள். அழுகையோ என்று நினைத்தேன். சிரிப்புதான்.

"எட்டு மாசமா, நான் வேலைக்கு லாயக்கில்லன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டேன்மா," என்றாள். "இனிமே ஒவ்வொருத்தரா கூப்பிட்டு மாத்திச் சொல்லணும்."

9

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்குக் கடிதம் எழுதினாள். பேராசிரியர் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் கதவிலிருந்த படத்தைத் தானே கிழித்தார். அந்தக் கடிதத்தில் காற்புள்ளிகளை மட்டும் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இதைப் பெருந்தன்மை என்பதா, களைப்பு என்பதா? இரண்டு பத்திகளும் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அத்தியாயத்தைப் பன்னிரண்டு நாளில் புதிதாக எழுதினாள். இப்போது அதன் தலைப்பு: 'பெப்டைடு நுண்துகள்கள் உயிருள்ள செல்லுக்குள் ஏன் நுழையவில்லை'. செத்த செல்லும் உயிருள்ள செல்லும் பக்கத்தில் பக்கத்தில். அடுத்து ஓர் அட்டவணை: வெளியூர்ப் பெண்ணின் எட்டு மாதத் தோல்விகள், தேதிவாரியாக. இதுவரை அவை அவளுடைய கைராசியின்மை. இப்போது இன்னோர் ஆய்வகத்தின் சாட்சி.

ஏழு வருடம் உழைத்து, 'உள்ளே போகவில்லை' என்று நிரூபித்தவளுக்குப் பட்டம் கொடுக்கலாமா?

இன்று காலை பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர்கள் மூவர். கேள்வி கேட்டு முடித்து அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். மூத்தவர் சொல்கிறார்: "தோல்வியை அளந்து காட்டறது ஆராய்ச்சியா? அப்படின்னா என் தோட்டத்துக்கும் ஒரு பட்டம் கொடுங்க." அடுத்தவர் சொல்கிறார்: "இந்தத் தீசிஸ்ல நான் முழுசா நம்பின அத்தியாயம் அது ஒண்ணுதான்." ஆளுக்கொரு பக்கம் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

மூன்றாமவருக்குத் திடீரென்று காய்ச்சல் என்று வைத்துக்கொள்கிறேன். (கதையில் இதற்கு மருத்துவர் சீட்டு வேண்டாம்.) அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: 'ஏற்கலாம்', 'மறுபடியும் எழுதட்டும்'. இரண்டாவதைத் தேர்ந்தால் இன்னும் இரண்டு வருடம். அதைப் பார்த்துவிட்டே பேனாவை எடுங்கள்.

வெளியே தாழ்வாரத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில், காலை ரயிலில் வந்திறங்கிய அந்த வெளியூர்ப் பெண். முதல் தடவையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். எதற்கோ இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருந்து மூத்தவர் "ஸ்ஸ்" என்கிறார்.

எந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டீர்களோ, அதை நீங்களே வெளியே வந்து அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மாட்டேன். நல்ல சேதியாக இருந்தால் அவள் என்னை நம்ப மாட்டாள்.